சூலைக்கு நன்றி சொன்ன நாவுக்கரசர்

மனிதனுக்கு வரும் நோய்கள் இரு வகைப்படும். உடம்பில் வருவது ஒன்று. உள்ளத்தில் வருவது மற்றொன்று. உடல் நோய்க்கு வைத்தியசாலை உண்டு, மருந்து உண்டு, பத்தியம் உண்டு. உள்ளத்து நோய்கள் பலவற்றை நோய் என்று நோயாளியே உணர்வதில்லை. அவ்வாறான நோய்களுள் ஒன்று பழம்பெருமை.

“அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தவன் தெரியுமா?” என்ற பேச்சை ஊர்தோறும் கேட்கலாம். பெரிய பாடசாலையில் அதிபராக இருந்து இளைப்பாறியவர், கந்தோரில் உயர் பதவி வகித்தவர், நூறு பேருக்கு வேலை கொடுத்த முதலாளி, கோயில் பரிபாலன சபையில் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர் எனப் பலர் இப்பேச்சைப் பேசுவர். அவர்கள் செய்தவை உண்மையிலேயே பெரிய காரியங்கள். அவற்றை நினைத்து மகிழ்வதில் குற்றமில்லை. ஆயினும் முடிந்துபோன பதவியை மனம் விட மறுக்கும்போது, இன்று கிடைக்கும் எதுவும் அதற்குப் போதாததாகி விடுகிறது. வணக்கம் சொல்லாமற் போன இளைஞன் பகைவனாகத் தெரிகிறான். திருவிழாவில் காளாஞ்சி கொடுப்பதில் முன்பின் நேர்ந்தால் அது மானப் பிரச்சினையாகிறது. கோயிலை வளர்த்தவரே கோயில் வாசலை மிதியாத நிலையும் சில ஊர்களில் உண்டாகிறது.

இந்நோய்க்குச் சைவம் காட்டும் மருந்து என்ன? திருத்தொண்டர் வரலாறு கூறும் பெரியபுராணத்தில் இதற்கு விடை உண்டு. பெரும் பதவியில் இருந்து, நோயால் வீழ்ந்து, நலம்பெற்று, பின்னர் தம் பழைய பெருமை எதனையும் சுமவாது வாழ்ந்த ஒருவரின் வரலாறு அதில் விரிவாக இடம்பெறுகிறது. அவரே அப்பர் என்றும் வாகீசர் என்றும் போற்றப்படும் திருநாவுக்கரசு நாயனார்.

மருணீக்கியார் பெற்ற பதவி

திருமுனைப்பாடி நாட்டிலே திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தவர் மருணீக்கியார். அவருடைய தமக்கையார் திலகவதியார். தமக்கையாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் என்னும் சேனாபதி போர்க்களத்தில் உயிர் நீத்தார். பெற்றோரும் அடுத்தடுத்து மறைந்தனர். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி அநாதையாகி விடுவாரே என்ற இரக்கத்தால் உயிர் தாங்கி நின்றார்.

இளமையிலேயே இழப்பின் மேல் இழப்பைக் கண்ட மருணீக்கியார், உலகம் நிலையில்லாதது என்று உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார், குளங்கள் தொட்டார். பின்னர் உண்மையைத் தேடிச் சமண சமயத்தைச் சார்ந்தார். பாடலிபுத்திரம் என்று அந்நாளில் வழங்கிய, இன்றைய கடலூரிலுள்ள திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் அவர்களுடைய நூல்கள் யாவற்றையும் கற்றார். தருமசேனர் என்ற பெயர் பெற்றார். வாதத்திலே பௌத்தரை வென்று, அச்சமயத்தின் தலைமை நிலைக்கு உயர்ந்தார் என்று சேக்கிழார் கூறுகிறார்.

இங்கு ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. சமணர் தமிழுக்கும் அறத்துக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. சீவகசிந்தாமணி போன்ற நூல்களைத் தமிழுலகம் அவர்களிடமிருந்தே பெற்றது. எனவே இவ்வரலாற்றை ஒரு சமயத்தாரைப் பழிப்பதற்குரிய கதையாகக் கொள்ளாமல், ஓர் உயிரின் பயணமாகக் கொள்வதே பயன் தரும். கற்ற கல்வியும் வென்ற வாதமும் பெற்ற தலைமையும் ஒருவரிடம் நிறைந்திருந்தன. அவை அனைத்தும் ஒரு வயிற்று வலிக்கு முன் நிற்க முடியவில்லை. கதையின் திருப்பம் இதுவே.

பாயும் குண்டிகையும் பீலியும்

தம்பியின் நிலைக்கு வருந்திய திலகவதியார், திருவதிகை வீரட்டானத்திலே திருவலகிட்டும் திருமெழுக்கிட்டும் பூமாலை தொடுத்தும் தொண்டு செய்து, அவரை மீட்டருள வேண்டும் என்று இறைவனிடம் முறையிட்டு வந்தார். இறைவன் அவர் கனவில் தோன்றி, சூலை நோய் கொடுத்துத் தம்பியை ஆட்கொள்வோம் என்று அருளினார். ஆகவே, சேக்கிழார் காட்டும் சூலை ஒரு தண்டனையன்று. அது தமக்கையின் வேண்டுதலுக்குக் கிடைத்த விடை.

சூலை என்பது வயிற்றைக் குடையும் கொடிய வலி. தருமசேனர் தாம் கற்ற மந்திரங்களைக் கொண்டு அதைத் தடுக்க முயன்றார், முடியவில்லை. உடனிருந்தோர் மந்திரித்த நீரைப் பருகக் கொடுத்தனர், மயிற்பீலியால் தடவினர். வலி மேலும் ஏறியது. தம்மால் ஆகாது என்று அவர்கள் கைவிட்டனர். அப்போதுதான் அவருக்குத் தமக்கையாரின் நினைவு வந்தது. சமையற்காரர் ஒருவரை இரகசியமாகத் திருவதிகைக்கு அனுப்பினார். தாம் அங்கு வருவதற்கில்லை என்பதே தமக்கையார் அனுப்பிய பதில்.

தலைவராக இருந்தவர் தாமே எழுந்து போக வேண்டியதாயிற்று. அவர் புறப்பட்ட விதத்தைச் சேக்கிழார் கவனத்துடன் பதிவு செய்கிறார். உடுத்திருந்த பாயை நீக்கினார். உறியிலே தூக்கிய குண்டிகையை விட்டார். கையிலிருந்த மயிற்பீலியை விட்டார். வெண்ணிற ஆடையை உடுத்தி, இரவிலே யாரும் அறியாமல் நடந்தார்.

பாயும் குண்டிகையும் பீலியும் அற்பப் பொருள்களே. ஆனால் அவைதாம் அவருடைய பதவியின் அடையாளங்கள். இக்காலத்தில் ஒருவருக்கு அவருடைய கதிரையும் வாகனமும் பெயர்ப்பலகையும் எப்படியோ, அவ்வாறே அவருக்கு அவை. அவற்றை அணிந்துகொண்டு தமக்கையின் வாசலில் நிற்க இயலாது என்று அவர் உணர்ந்தார். திருவதிகையை அடைந்தவர் தருமசேனராகப் போகவில்லை. தம்பியாகப் போய்த் தமக்கையின் காலில் விழுந்தார்.

திலகவதியார் நடந்துகொண்ட முறையும் கற்கத்தக்கது. இத்தனை காலம் எங்கே இருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. உன் கல்வியும் பட்டமும் இப்போது எங்கே என்று குத்திக் காட்டவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றைக் கொடுத்தார். பொழுது புலரும் வேளையில் தாம் நாளும் எடுத்துச் செல்லும் திருவலகையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயாளியை வரவேற்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

முதலில் முறையீடு, பின்னரே நன்றி

வீரட்டானேசுவரர் சந்நிதியில் அவர் பாடிய முதற் பதிகம் நான்காம் திருமுறையின் தொடக்கமாக அமைந்துள்ளது. அப்பதிகத்தை ஓதுவோர் ஒன்றைக் காணலாம். அதில் அமைதியான நன்றியுரை இல்லை. வலியால் துடிக்கும் ஒருவரின் முறையீடே உள்ளது. குடலைப் புரட்டும் வேதனையை மறைக்காமற் சொல்கிறார். தாங்க முடியவில்லை, விலக்கி அருளும் என்று மீண்டும் மீண்டும் கேட்கிறார். தாம் செய்த பிழைகளையும் சொல்கிறார்.

இது முக்கியமானதோர் உண்மை. நன்றி என்பது வலியை இல்லையென்று நடிப்பதன்று. துன்பத்தின் நடுவில் இருப்பவரிடம் போய், “எல்லாம் நன்மைக்கே, கடவுளுக்கு நன்றி சொல்” என்று பிறர் உபதேசிப்பது சைவநெறிக்குப் பொருந்தாது. எமது நாட்டிலே போரினால் பிள்ளைகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு மார்கழி மாதத்து ஆழிப்பேரலையில் குடும்பத்தையே பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீருக்கு முதலில் இடங்கொடுக்க வேண்டும். அழுவதற்கும் முறையிடுவதற்கும் சந்நிதி திறந்தே இருக்கிறது என்பதை அப்பரின் முதற் பதிகமே சான்றாகக் காட்டுகிறது. நன்றி வருமானால் அது உரியவரின் உள்ளத்திலிருந்து, உரிய காலத்தில் வரவேண்டும். மற்றவர் செய்யத்தக்கது திலகவதியார் செய்தது போல அருகில் நின்று அழைத்துச் செல்வதே.

சூலைக்குக் கைம்மாறு

பதிகம் நிறைவெய்தியதும் சூலை நீங்கியது. நாவுக்கரசு என்ற பெயர் நிலைக்கட்டும் என்று வானிலே ஒரு திருவாக்கு எழுந்தது. நலம்பெற்றவர் இறைவனுக்கு நன்றி சொல்வது இயல்பு. நாவுக்கரசர் அதனோடு நிற்கவில்லை. தம்மை இந்த வாழ்வுக்குக் கொண்டுவந்து சேர்த்த சூலைக்குத் தாம் என்ன கைம்மாறு செய்ய முடியும் என்று சொல்லித் தொழுதார் என்று சேக்கிழார் பாடுகிறார்.

நோய் தீர்ந்தவர் மருந்துக்கு நன்றி சொல்வதுண்டு. வைத்தியருக்கு நன்றி சொல்வதுண்டு. நோய்க்கே நன்றி சொன்னவர் இவர். இதன் பொருள் யாது? வலி இனிமையானது என்று அவர் சொல்லவில்லை. எழ வழி தெரியாது குழிக்குள் விழுந்து கிடந்த தம்மை அங்கிருந்து எழுப்பியது அந்த வலியே என்று கண்டார். தம் வாழ்க்கையிலே மிகவும் வெறுக்கத்தக்கதாக இருந்த ஒன்றை, அருளின் கருவியாக அடையாளங் கண்டுகொண்டார். அந்தக் கணத்திலேயே நோய் முழுமையாகத் தீர்ந்தது எனலாம். வயிற்றிலிருந்து சூலை போனது முதற் குணம். உள்ளத்திலே அதன் மேல் இருந்த கசப்பும் போனது இரண்டாவது குணம். உடல் தேறியும் கசப்புத் தீராத மனிதர் எத்தனையோ பேர்.

இவ்விடத்தில் கைவிடலும் நன்றியும் எவ்வாறு ஒன்றோடொன்று இணைகின்றன என்பதும் தெளிவாகிறது. தம் பழைய தலைமையைச் சூலை பறித்தது என்று அவர் எண்ணியிருந்தால், வாழ்நாள் முழுதும் அந்தத் தலைமைக்காக ஏங்கியிருப்பார். சூலை தந்ததை எண்ணியதால், அது பறித்ததைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தேவை ஏற்படவில்லை. வெறுங்கையை விரித்து வைத்திருப்பது கடினம். அதில் வேறொன்று வந்து சேர்ந்தது என்று தெரிந்தபின் பழையதை விடுவது எளிதாகிறது. நன்றியே அந்தத் தெரிவு.

பின்னர் அவர் தம் கல்வியை வீசி எறிந்துவிடவும் இல்லை. அதே நா, அதே தமிழ், அதே அறிவு நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாக மலர்ந்தன. பள்ளியிலே அவருடைய புகழுக்குப் பயன்பட்ட சொல்லாற்றல் கோயிலிலே இறைவனின் புகழுக்குப் பயன்பட்டது. ஆகவே சாதனையைக் கைவிடுதல் என்றால் ஆற்றலைக் கைவிடுதல் என்று மயங்குதல் கூடாது. ஆற்றல் இறைவன் கொடுத்தது, அது இருக்கட்டும். “என்னுடையது” என்ற முத்திரையை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

திங்களூர்த் தண்ணீர்ப்பந்தர்

இதற்குச் சான்றாக அப்பூதியடிகள் வரலாறு அமைகிறது. திங்களூரிலே வாழ்ந்த அந்தணராகிய அப்பூதியடிகள், நாவுக்கரசரை நேரிற் காணாமலே அவர்மீது பேரன்பு கொண்டவர். தம் மக்களுக்கும் தாம் செய்த தருமங்களுக்கும் திருநாவுக்கரசு என்ற பெயரையே இட்டார். அவ்வழியாக வந்த நாவுக்கரசர், வழிப்போக்கர் தாகந் தீர்க்கும் தண்ணீர்ப்பந்தரில் தம் பெயர் எழுதப்பட்டிருக்கக் கண்டார். அப்பூதியடிகளின் மனைக்குச் சென்று, உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வினவினார். அப்பெயரின் பெருமையை அறியாமல் இப்படிக் கேட்கும் நீர் யார் என்று அப்பூதியடிகள் வெகுண்டார்.

அவ்வேளையில் நாவுக்கரசர் தம்மை அறிமுகஞ் செய்த முறை நினைக்குந்தோறும் நெஞ்சைத் தொடுவது. அதற்கு முன்னரே அவருடைய புகழ் நாடெங்கும் பரவியிருந்தது. பல்லவ மன்னனின் ஆணையால் நீற்றறையில் இடப்பட்டும், நஞ்சூட்டப்பட்டும், யானையின் முன் விடப்பட்டும், கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டும் அஞ்சாது நின்றவர் அவர். தம் அறிமுகத்தில் இவற்றுள் ஒன்றையேனும் அவர் சொல்லவில்லை. வேறு துறையிலிருந்து கரையேறும்படி சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்டு உய்ந்த, தெளிந்த உணர்வில்லாத சிறியேன் என்றே தம்மைக் கூறினார். தம் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே வந்தவர் யார் என்று அப்பூதியடிகள் அறிந்து அடிவீழ்ந்தார்.

ஒருவர் தம்மை எதனால் அறிமுகஞ் செய்கிறார் என்பதைக் கொண்டு அவர் எதைப் பிடித்திருக்கிறார் என்று அறியலாம். நாவுக்கரசர் தம் வெற்றிகளால் அல்லாமல் தாம் பெற்ற கருணையால் தம்மை அறிமுகஞ் செய்தார். இன்று ஆலயங்களிலே மணிக்கும் விளக்குக்கும் மதிலுக்கும் உபயகாரர் பெயர் பொறிக்கப்படுகிறது. தருமம் செய்தவரை அடுத்த தலைமுறை அறிந்து நன்றி பாராட்டுவதற்கு அது உதவும். ஆனால் தருமம் செய்து தன் பெயரை எழுதாமல் விட்ட ஒருவரும், அங்கே எழுதப்பட்டிருந்த தன் பெயரைக் கண்டும் உரிமை கொண்டாடாத ஒருவரும் சந்தித்த இடம் திங்களூர் என்பதையும் உபயகாரர் நினைவில் வைத்திருத்தல் நன்று.

பல்லக்கின் கீழே

திருஞானசம்பந்தர் பாண்டி நாட்டிலிருந்து பெரும் வெற்றியோடு திரும்பி வந்தபோது, நாவுக்கரசர் திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்துத் தங்கியிருந்தார். வயதாலும் துறவாலும் மூத்தவர் அவர். அவரை அப்பரே என்று முதன்முதல் அழைத்தவரே சம்பந்தர்தாம். முதியவர் என்ற நிலையில் மடத்து வாசலில் நின்று வரவேற்றிருந்தாலே போதும். அவரோ எதிர்சென்று, திரண்டிருந்த அடியார் கூட்டத்திற்குள் ஒருவரும் அறியாதபடி புகுந்து, சம்பந்தரின் சிவிகையைச் சுமப்போரில் ஒருவராகத் தாமும் தோள் கொடுத்தார்.

ஊரை அணுகியதும் அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினவினார். உம்மைச் சுமக்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. சம்பந்தர் பதைத்து இறங்கி வணங்க, அவருக்கு முன்னரே அப்பர் வணங்கினார்.

முன்பு தலைமை வகித்தவர் பின்பு வந்தவரின் சுமையைத் தாங்குவது எத்துணைக் கடினம் என்பதைச் சபைகளிலும் சங்கங்களிலும் இருந்தவர்கள் அறிவர். புதிய நிர்வாகம் வந்தால் பழைய தலைவர் ஒதுங்கிக்கொள்வதும், புதியவர் தடுமாறும்போது உள்ளூர மகிழ்வதும் மனித இயல்பு. பழைய தலைவர் முன்வந்து தோள் கொடுத்தால் அந்த ஊரில் பிளவு வராது. தேர் வடத்தை யார் முதலிற் பிடிப்பது என்பதைவிடத் தேர் நகர்வதே பெரிது என்று அவர் அறிந்திருப்பார்.

நாவுக்கரசரோடு திருப்புகலூரில் முருக நாயனாரின் மடத்திலே கூடியிருந்த சிறுத்தொண்டரும் இவ்வகையில் எண்ணத்தக்கவர். பரஞ்சோதியார் என்ற இயற்பெயரோடு பல்லவ சேனையை நடத்தி வாதாபி நகரை வென்றவர் அவர். வாதாபி வெற்றி 642ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது என்பர் வரலாற்றாசிரியர். போருக்குப் பின் மன்னனிடம் விடைபெற்றுத் திருச்செங்காட்டங்குடிக்கு வந்து, அடியார்முன் மிகச் சிறியவராக ஒழுகியமையால் சிறுத்தொண்டர் என்ற பெயர் பெற்றார். வாதாபி கொண்ட வீரரைச் சைவ உலகம் இன்று அந்தச் சிறிய பெயராலேயே வணங்குகிறது.

உழவாரம் செருக்கியது

நாவுக்கரசரின் திருவுருவத்தைக் கோயில்களில் காண்போர் அவர் கையிலுள்ள கருவியை அறிவர். அது உழவாரம். கோயில் வீதிகளில் முளைக்கும் புல்லையும் பூண்டையும் அவர் அதனாற் களைந்தார். எமது ஊர்களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல் எடுக்க உழவாரத்தைக் கையாண்டவர்கள் பலர். நிலத்தோடு ஒட்டிப் புல்லை வெட்டியெடுப்பதைப் “புல்லுச் செருக்குதல்” என்று சொல்வது ஊர் வழக்கு. செருக்கு என்ற சொல்லுக்கு அகங்காரம் என்ற பொருளும் உண்டு. புல்லைச் செருக்கிய அக்கருவியே அவருள்ளத்துச் செருக்கையும் வேரோடு எடுத்தது என்று கொள்வது பொருத்தமே. செருக்கி முடித்த வீதியில் மழை பெய்தால் மறுபடியும் புல் முளைக்கும். அகங்காரமும் அப்படிப்பட்டதே. அதனால்தான் அவர் ஒரு நாள் தொண்டோடு நிறுத்தாமல் இறுதிவரை உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை.

நன்றி என்பது வாயாற் சொல்வதோடு முடிவதன்று. கையாற் செய்வது என்பதையும் இது காட்டுகிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியாருக்கு அமுதளிக்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் பொற்காசு அளித்தான். சம்பந்தர் பெற்ற காசு வட்டங்கொடுத்து மாற்ற வேண்டியதாகவும், அப்பர் பெற்ற காசு குறைவற்றதாகவும் இருந்தன. அப்பர் கைத்தொண்டு செய்பவராதலால் அவருக்கு அவ்வாறு கிடைத்தது என்று காரணம் கூறுகிறார் சேக்கிழார்.

இறுதியாகத் திருப்புகலூரிலே இறைவன் அவருடைய மனத்தைச் சோதித்தான். உழவாரம் செல்லும் இடமெல்லாம் பொன்னும் நவமணிகளும் தோன்றின. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே கருதி, உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார். புல்லும் கல்லும் பொன்னும் ஒரே நிலையில் வைத்து எண்ணப்பட்ட அந்த இடத்திலேயே, ஒரு சித்திரைச் சதய நாளில் இறைவன் திருவடியை அடைந்தார். அந்நாளே அவருடைய குருபூசைத் தினம்.

சித்தாந்த நோக்கு

சைவசித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என மும்மலங்களைக் கூறுகிறது. செய்தவன் நானே, பெற்றவை எனதே என்று எண்ண வைப்பது ஆணவத்தின் தொழில். சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் மலம் நீங்குவதற்கு வழியாக இறைவனோடு ஒன்றி நிற்பதையும், இறைபணியில் நிற்பதையும் வகுத்துரைக்கிறது. இறைபணியில் நிற்றலாவது, தன் செயல் யாவும் அவன் செயலே என்று கண்டு நிற்பது. அப்படி நிற்பவருக்கு நேற்றைய சாதனையும் அவனுடையது. இன்றைய இயலாமையும் அவனுடையது. முன்னதில் பெருமிதமும் பின்னதில் அவமானமும் கொள்ள இடமில்லாமற் போகிறது.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறிகளில் சரியைக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் நாவுக்கரசர். அலகிடுதல், மெழுகிடுதல், மாலை தொடுத்தல், புல் களைதல் என்பன சரியைத் தொண்டுகள். இவற்றுக்குப் பட்டம் தேவையில்லை, பணம் தேவையில்லை. பதவியை இழந்தவரும் செய்யலாம். பதவியே பெறாதவரும் செய்யலாம். ஆகையினால் நோய்ப்பட்ட மனத்துக்கு இதனினும் எளிய மருந்து இல்லை.

ஈழத்து மண்ணும் இந்த நெறியைக் கண்டது. ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை எளியோரும் படிக்கத்தக்க வசன நூலாக 1852ஆம் ஆண்டில் வெளியிட்டார். கோயில்களிலே புராணபடனம் நிகழ்ந்த மடங்களில் இவ்வரலாறுகளைக் கேட்டு வளர்ந்தது எமது சமுதாயம். 1872ஆம் ஆண்டு பிறந்து 1964ஆம் ஆண்டு சமாதியடைந்த யோகர் சுவாமிகள், கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியப் பொறுப்பாளராகப் பணிபுரிந்தவர். நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளிடம் ஆட்பட்டு அந்த உத்தியோகத்தை விட்டார். செல்லப்பா சுவாமிகளின் மகாவாக்கியங்கள் நான்கனுள் ஒன்று, காரியம் என்றோ முடிந்துவிட்டது என்னும் கருத்துடையது. முடிந்துவிட்ட காரியத்தைத் தலையிலே தூக்கித் திரிவதில் பொருளில்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இக்காலத்தவர் கைக்கொள்ளத்தக்கவை

மேலைநாட்டு உளவியலாளரும் இந்த உண்மையை வேறு வழியில் நாடியுள்ளனர். றொபேட் எமன்ஸ், மைக்கேல் மக்கலோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2003ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றைக் குறித்து வைத்தவர்கள், தம் தொல்லைகளைக் குறித்து வைத்தவர்களைக் காட்டிலும் தம் வாழ்வு பற்றிக் கூடிய நிறைவு உடையவர்களாகக் காணப்பட்டனர். இதனால் மருந்தை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வருத்தத்துக்கு வைத்தியரிடம் செல்வதே முறை. மனச்சோர்வு நீடித்தால் அதற்கும் வைத்தியரை நாடுதல் வேண்டும். நன்றியுணர்வு மருந்தோடு சேர்ந்து நிற்கும் பத்தியம் போன்றது.

இவ்வரலாற்றிலிருந்து இல்லறத்தார் கைக்கொள்ளக்கூடிய பழக்கங்கள் சில உள. முதலாவது, நாள்தோறும் மாலையில் விளக்கேற்றும் வேளையில் அன்றைக்குக் கிடைத்த உதவி ஒன்றை நினைத்தல். தண்ணீர் மொண்டு தந்த பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். பேருந்திலே இருக்கை விட்டுக்கொடுத்த அந்நியராகவும் இருக்கலாம். இரண்டாவது, தம் பழைய வெற்றியைச் சொல்ல நேரும்போது, அதற்குத் துணைநின்றவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல். எழுத்தறிவித்த ஆசிரியர், பசியோடு இருந்து படிப்பித்த தாய், கைம்மாற்றுக் கொடுத்த அயலவர் ஆகியோரைச் சேர்த்துச் சொல்லும்போது அந்தப் பேச்சிலிருந்து தற்பெருமை தானே விலகி நன்றி குடிகொள்கிறது. மூன்றாவது, வாரத்தில் ஒரு நாளாவது கோயிலிலே பெயர் வெளிவராத ஒரு தொண்டைச் செய்தல். நான்காவது, தாம் வகித்த பொறுப்பை இன்று வகிப்பவருக்குத் தேவைப்படும் உதவியைக் கேட்காமலே செய்தல்.

இடம்பெயர்ந்து வீடு வளவு இழந்தவர்களுக்கும் இது பொருந்தும். முன்பு இருந்த கல்வீட்டையும் மாந்தோப்பையும் நினைப்பதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் அந்த நினைவிலே இழந்தது மட்டும் நிற்குமாயின் அது சூலையாகவே இருக்கும். அன்று அடைக்கலம் தந்த உறவினர், அறிமுகமில்லாத ஊரிலே கஞ்சி காய்ச்சி ஊற்றிய கை, முகாமிலே பிள்ளைகளுக்கு மர நிழலில் பாடஞ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஆகியோரும் அதே நினைவில் இடம்பெற வேண்டும். பட்ட துன்பம் அதனாற் குறைந்துவிடாது. துன்பத்தின் ஊடே அருளும் கூட வந்தது என்பது மட்டும் தெரியவரும்.

தருமசேனர் என்ற பெயரை இன்று அறிந்தவர் சிலரே. அப்பர் என்ற பெயரை அறியாத சைவக் குடும்பம் இல்லை. முன்னது அவர் முயன்று பெற்ற பட்டம். பின்னது ஒரு குழந்தை அன்பினால் அழைத்த பெயர். ஒருவரிடம் இறுதியில் நிலைப்பது அவர் சேர்த்த பெருமையன்று. அவர்மேல் பிறர் வைத்த அன்பே. கோயில் வீதியிலே புல் முளைத்திருக்கிறது. மூலையிலே உழவாரம் இருக்கிறது. முன்னாள் தலைவரும் இந்நாள் தலைவரும் அதை மாறி மாறி எடுப்பார்களாயின் அந்த ஊருக்கு வேறு பேறு வேண்டியதில்லை. அவ்வாறே ஆக எம்பெருமான் திருவருள் துணைபுரிவதாக.